டிஎன்எஸ்ஸை மாற்றினால் இணையம் பறக்குமா? ஒரு சின்ன வரலாறு

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது இணையம் கட்டை வண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. தங்கைக்கு இணையவழி வகுப்பு. வாத்தியார் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். மறுபடி அசையும்போது பலகையில் இரண்டு கணக்கு முடிந்திருக்கும். அவள் அழாத குறை. பெரியப்பா மகன் வந்து பார்த்தார். "டேய், டிஎன்எஸ்ஸை மாத்துடா. நாலு எட்டு போடு, பறக்கும்" என்றார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, அங்கே இருந்த இரண்டு எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவற்றை அழித்துவிட்டு 8.8.8.8 என்றும் 1.1.1.1 என்றும் போட்டோம்.

பறந்ததா என்றால், பாதி பறந்தது. செய்தித் தளங்கள் சொடுக்கியவுடனே திறந்தன. முன்பெல்லாம் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி மூன்று நான்கு நொடி உட்கார்ந்திருப்போம், அது போயே போய்விட்டது. ஆனால் வாத்தியார் மட்டும் முன்போலவே உறைந்தார். கோப்புகளைத் தரவிறக்கும் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஏன் பாதி மட்டும்? அண்ணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை 1970-களின் கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் விட்டது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். நாம் உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், நம் கணினி முதலில் யாரிடமாவது "இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் அந்த எண்ணுக்குரிய இயந்திரத்தைத் தொடர்புகொள்ளும். ரவுட்டரில் நாம் மாற்றியது அந்த "யாரிடம்" என்பதை மட்டுமே. ஒன்றும் மாற்றாவிட்டால், நமக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் வழங்கியிடம் கேள்வி போகும். பதில் கிடைத்த பிறகு தரவு வரும் கம்பியும் அதே, அதன் அகலமும் அதே. பாதிக் கேள்விக்கு விடை இங்கேயே வந்துவிட்டது. மீதிப் பாதிதான் சுவாரசியமானது.

இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் தொடங்கியது 1969-ல். ஆரம்பத்தில் கணினிகள் மிகக் குறைவு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டது. ஒரே இயந்திரத்துக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர். வீட்டுக்கு ஒரு செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடும் குழந்தை மாதிரி. இந்தக் குழப்பம் தாங்காமல் 1974-ல் ஒரே அதிகாரபூர்வப் பட்டியல் என்று முடிவானது. அதன் பெயர் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி. சாதாரண எழுத்துக் கோப்பு; ஒவ்வொரு வரியிலும் ஒரு எண், ஒரு பெயர்.

அந்தக் கோப்பு இருந்தது மென்லோ பார்க் என்ற ஊரில், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில். அதைக் கவனித்தது எலிசபெத் ஃபெயின்லர் என்பவரின் குழு. இவர் கணினிப் பொறியாளர் இல்லை. வேதியியல் படித்து, உயிர்வேதியியலில் ஆய்வு செய்யப் போனவர். பிறகு தகவல்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வேலையில் ஈர்ப்பு வந்து அந்தப் பக்கம் திரும்பியவர். புதிதாக ஒரு கணினியை வலையில் சேர்க்க வேண்டுமா? ஃபெயின்லரின் அலுவலகத்துக்கு, அலுவலக நேரத்தில், தொலைபேசியில் கூப்பிட வேண்டும். நாங்கள் வைக்க நினைக்கும் பெயர் இது என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயர் ஏற்கனவே யாரிடமும் இல்லையென்றால் பட்டியலில் ஏறும். மற்ற எல்லோரும் அவ்வப்போது அந்தக் கோப்பை முழுசாகப் பிரதியெடுத்துக்கொள்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தின் மொத்த இணைய முகவரிப் புத்தகமும் ஒரு அலுவலகத்தில், ஒரு கோப்பில்! இதில் ஒரு பெரிய வசதி உண்டு. கேள்வி கேட்கவே வேண்டியதில்லை, விடை நம் கணினிக்குள்ளேயே இருக்கும். வேகம் என்று பார்த்தால் இன்றைய எந்த டிஎன்எஸ்ஸும் இதற்குக் கிட்டே வர முடியாது. அந்தக் கோப்பின் வாரிசு இன்றும் உங்கள் கணினியில் இருக்கிறது. விண்டோஸோ லினக்ஸோ, தேடினால் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு கோப்பு கிடைக்கும். அதில் ஒரு பெயரையும் எண்ணையும் எழுதி வைத்தால், பொதுவாகக் கணினி வேறு யாரையும் கேட்காமல் அதையே நம்பும். விளம்பரத் தளங்களைத் தடுக்கப் பலர் செய்வது இந்த வேலைதான்.

ஆனால் வலை வளர வளர இந்த ஏற்பாடு மூச்சுத் திணறியது. கணினிகள் இரண்டு மடங்கானால் கோப்பின் நீளம் இரண்டு மடங்கு, அதை இறக்கிக்கொள்பவர்களும் இரண்டு மடங்கு. ஆக நெரிசல் நான்கு மடங்கு. கடைசி ஆள் கோப்பைப் பெறுவதற்குள் முதல் வரி பழையதாகிவிடும். நல்ல பெயர்களுக்கு அடிதடி வேறு.

1983-ல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் பணியாற்றிய பால் மோக்கபெட்ரிஸ் இதற்குத் தீர்வு எழுதினார். அவருடைய மேலாளர் ஜான் போஸ்டல். ஏற்கனவே இருந்த சில யோசனைகளைப் பார்த்து நடுவாக ஒன்று தயார் செய்யச் சொன்னார் போஸ்டல். மோக்கபெட்ரிஸ் அவற்றை ஓரமாக வைத்துவிட்டுத் தாமே புதிதாக ஒன்றை வடிவமைத்தார். (எங்கள் துறையில் இப்படிச் செய்தால் அகமதிப்பெண் போய்விடும்!) அதுதான் டிஎன்எஸ். அந்த வருடம் நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்ற இரண்டு ஆவணங்களாக வெளிவந்தது.

அவருடைய யோசனை நம் ஊர்த் தபால் முகவரி மாதிரி. உச்சியில் இருப்பவருக்கு எல்லா வீடும் தெரிய வேண்டியதில்லை, எந்த மாநிலத்தை யார் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். மாநிலக்காரருக்கு மாவட்டம் தெரியும், மாவட்டக்காரருக்கு ஊர் தெரியும். இதிலேயே இன்னொரு சாமர்த்தியம் உண்டு. ஒவ்வொரு பதிலோடும் ஒரு ஆயுள் வரும்: "இந்தப் பதிலை இத்தனை நொடிகளுக்கு நினைவில் வைத்துக்கொள், பிறகு மறந்துவிட்டு மறுபடி கேள்." ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் நடுவில் இருக்கும் வழங்கியில் தங்கிவிடுவதால், அதே கேள்வியை அடுத்தவர் கேட்டால் உடனே கிடைத்துவிடும்.

டிஎன்எஸ்ஸை யுனிக்ஸ் கணினிகளில் ஓட்டும் 'பைண்ட்' மென்பொருளை 1980-களின் முற்பகுதியில் முதலில் எழுதியவர்கள் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த நான்கு பட்டமேற்படிப்பு மாணவர்கள். மாணவர்களின் வேலை உலகம் முழுக்கப் பரவி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் இறுதியாண்டு புராஜெக்டை நினைத்துப் பார்த்துக்கொண்டேன், வேறென்ன :-)

இங்கே ஒரு கிளைக்கதை. பழைய கோப்பில் பெயர் வைக்க ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சிறு கோடு, இவற்றுக்குத்தான் அனுமதி. அந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் டிஎன்எஸ்ஸுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 2007 அக்டோபரில்தான் பிற மொழி எழுத்துகளுக்கு உச்சி அடுக்கில் சோதனை நடந்தது. பதினொரு மொழிகளில் தமிழும் ஒன்று. "உதாரணம்.பரிட்சை" என்பது அந்தச் சோதனை முகவரி. பிறகு .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா எல்லாம் வந்தன. ஆனால் உள்ளுக்குள் இன்றும் இந்தத் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாக உருமாறித்தான் பயணம் செய்கின்றன. ஃபெயின்லர் காலத்துக் கோப்பின் வாசனை இன்னும் போகவில்லை.

சரி, நம் ரவுட்டருக்கு வருவோம். உச்சியில் தொடங்கி ஊர் வரை போய்க் கேட்டு வரும் வேலையை நம் கணினியே செய்வதில்லை. நமக்காக அலைய ஒரு நடு வழங்கி இருக்கிறது. ரவுட்டரில் இருக்கும் இரண்டு எண்களும் அதனுடையவை. முதலாமவர் பதில் சொல்லாவிட்டால் இரண்டாமவர். அந்த வழங்கி பக்கத்தில் இருந்து, நினைவு நிறையப் பதில்களை வைத்திருந்தால் சில மில்லிநொடிகளில் பதில் வரும். வேலைப்பளுவில் திணறிக்கொண்டிருந்தால்? நம் கேள்வி தொலைந்துபோகும். கணினி சிறிது நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி கேட்கும். இன்றைய செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தால் படம், விளம்பரம், எழுத்துரு, புள்ளிவிவரக் கணக்கு என்று சர்வ சாதாரணமாக இருபது முப்பது பெயர்களைத் தேட வேண்டியிருக்கும். அதில் நான்கு கேள்விகள் தொலைந்தாலே வெள்ளைத் திரைதான். எங்கள் வீட்டில் நடந்தது இதுவே. பழைய வழங்கியைச் சோதித்துப் பார்த்தபோது சில கேள்விகளுக்கு உடனே பதில் சொன்னது, சிலவற்றுக்குச் சொல்லவே இல்லை.

அப்படியென்றால் வேறு வழங்கியிடம் கேட்கலாமே என்ற எண்ணம் எப்போது பரவியது? 2000-களில். நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் அதற்கு முன்பே 4.2.2.2 போன்ற எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சாதாரண மக்களுக்கு என்று டேவிட் உலெவிட்ச் 2006-ல் ஓபன்டிஎன்எஸ் என்ற சேவையைத் தொடங்கினார். வேகம், நம்பகம், கெட்ட தளங்களைத் தடுத்தல் என்பவை அதன் வாக்குறுதிகள். 2009 டிசம்பர் 3-ல் கூகுள் தன்னுடைய பொது டிஎன்எஸ்ஸை அறிவித்தது. நாலு எட்டு பிறந்தது அன்றுதான். 2018 ஏப்ரல் 1-ல் கிளவுட்ஃப்ளேர் 1.1.1.1-ஐக் கொண்டுவந்தது. தேதியைப் பார்த்துப் பலர் முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள்.

வேகம் மட்டும் காரணமில்லை. பதில் சொல்பவர் தம் இஷ்டத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்ததும் ஒரு காரணம். 2003 செப்டம்பரில், .காம் பெயர்களைப் பராமரிக்கும் வெரிசைன் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. யாராவது தப்பாகத் தட்டச்சு செய்து இல்லாத பெயரைக் கேட்டால், "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்வதற்குப் பதில் தன் சொந்தத் தளத்தின் எண்ணைக் கொடுத்தது. உலகமே கொதித்தது. இல்லாத பெயரிலிருந்து வரும் அஞ்சலைக் குப்பை என்று தள்ளும் மென்பொருள்கள் எல்லாம் குழம்பின, ஏனென்றால் இப்போது எல்லாப் பெயரும் "இருந்தன". மூன்று வாரத்துக்குள் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் யோசனை சாகவில்லை; பிற்பாடு பல நாடுகளில் இணைப்பு நிறுவனங்கள் தங்கள் நடு வழங்கியில் இதே வித்தையைச் செய்து விளம்பரப் பக்கம் காட்டின. ஓபன்டிஎன்எஸ்ஸும் இதையே செய்துதான் பல வருடம் காசு பார்த்தது, 2014-ல்தான் விட்டது. ஆக, விளம்பரத்துக்குப் பயந்து ஓடியவர்கள் இன்னொரு விளம்பரத்திடம் போய் விழுந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. டிஎன்எஸ்ஸை மாற்றிய சிலருக்குப் பக்கம் வேகமாகத் திறந்தது, வீடியோ மட்டும் முன்பைவிட மெதுவானது! காரணம் இதுதான். 1990-களின் இறுதியில் அகமாய் போன்ற நிறுவனங்கள், ஒரே படத்தை உலகம் முழுக்கப் பல ஊர்களில் பிரதியெடுத்து வைத்துவிட்டு, கேட்பவருக்குப் பக்கத்து ஊர்ப் பிரதியின் எண்ணைக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தன. கேட்பவர் எந்த ஊர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கேள்வி கேட்டு வரும் நடு வழங்கி எங்கே இருக்கிறதோ, அதைப் பார்த்து ஊகிப்பார்கள். நீங்கள் மதுரையில் இருந்துகொண்டு வேறு நாட்டு வழங்கியிடம் கேட்டால், நீங்களும் அந்த நாட்டில் இருப்பதாக நினைத்து அங்குள்ள பிரதியைக் கொடுத்துவிடுவார்கள். எண் சீக்கிரம் கிடைக்கும், படம் கடல் தாண்டி வரும். 2011-ல் கூகுளும் ஓபன்டிஎன்எஸ்ஸும் சேர்ந்து, கேட்பவரின் முகவரியில் ஒரு பகுதியை மட்டும் கேள்வியோடு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தன. கிளவுட்ஃப்ளேர் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி 1.1.1.1-ல் அப்படி அனுப்புவதில்லை. பல ஊர்களில் வழங்கிகளை வைத்துச் சமாளிக்கிறது.

இப்போது எனக்கு உண்மையிலேயே பயம் தந்த பகுதி. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ 'டிஎன்எஸ்சேஞ்சர்' என்ற வைரஸ் தொடர்பான வழக்கை அறிவித்தது. எஸ்தோனியாவில் ஆறு பேர் கைது. அந்த வைரஸ் செய்தது, அண்ணனும் நானும் ரவுட்டரில் செய்த அதே காரியம்: டிஎன்எஸ் எண்களை மாற்றியது. அவ்வளவுதான். சில இடங்களில் மாற்றப்படாத கடவுச்சொல்லை ஊகித்து வீட்டு ரவுட்டருக்குள்ளும் புகுந்தது. அதன் பிறகு அந்தக் கணினி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் திருடர்களின் வழங்கி பதில் சொல்லும். பெரும்பாலும் உண்மையான பதில். தேவைப்படும் இடத்தில் மட்டும் பொய். ஐட்யூன்ஸ் சுட்டியைச் சொடுக்கினால் சம்பந்தமில்லாத கடைக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் விளம்பரம் மாறி அவர்களுடைய விளம்பரம் வரும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் சிக்கின. அவர்கள் சம்பாதித்தது குறைந்தது 1.4 கோடி டாலர்.

கைது செய்தாயிற்று, வழங்கிகளைப் பிடித்தாயிற்று. அடுத்தது? அவற்றை அணைத்தால் அத்தனை கணினிகளும் "இணையம் வேலை செய்யவில்லை" என்று நின்றுவிடும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு, திருடர்களின் அதே எண்களில் நல்ல வழங்கிகளை வைத்து, மாதக்கணக்கில் ஓட்டினார்கள். 2012 ஜூலை 9-ல்தான் அணைத்தார்கள். அதுவரை லட்சக்கணக்கானோர் தங்கள் முகவரிப் புத்தகம் கைமாறி, மறுபடியும் கைமாறியதை அறியாமலே உலாவிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணை மாற்றியது இதற்கு நேர் எதிராக உதவிய ஊரும் உண்டு. 2014 மார்ச் 20 இரவு துருக்கி அரசு ட்விட்டரைத் தடை செய்தது. முதலில் செய்த தடை டிஎன்எஸ் வழியாகத்தான். உள்ளூர் வழங்கிகள் அந்தப் பெயருக்குத் தவறான பதில் சொல்லின. மறுநாள் சுவர்களில் 8.8.8.8 என்று வண்ணத்தால் எழுதியிருந்தார்கள்! எண்ணை மாற்றியவர்களுக்கு ட்விட்டர் கிடைத்தது. பிறகு அரசு ஐபி எண்களையே தடுத்தது. அந்த மாதக் கடைசியில், துருக்கியின் இணைப்பு நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் போலி நாலு எட்டை உருவாக்கிப் பதில் சொல்வதாகக் கூகுளே அறிவித்தது. நீங்கள் சரியான எண்ணைத்தான் போட்டிருப்பீர்கள், ஆனால் நடுவில் வேறொருவர் எடுத்துப் பேசுவார். டிஎன்எஸ் கேள்வி 1983 முதல் அஞ்சலட்டை மாதிரி திறந்தபடிதான் போய்க்கொண்டிருந்தது என்பதால் இது சாத்தியமாயிற்று. உறைக்குள் போட்டு அனுப்பும் முறைகள் பிறகுதான் வந்தன; ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று 2018 முதல் இருப்பது அதுதான்.

இதையெல்லாம் படித்து முடித்துவிட்டு வீட்டு ரவுட்டரை மறுபடி பார்த்தேன். முதல் வேலையாக அதன் கடவுச்சொல்லை மாற்றினேன், கடையிலிருந்து வந்தபோது இருந்த அதே சொல்தான் இருந்தது. இரண்டு எண்களையும் வேறு வேறு நிறுவனத்தினுடையதாகவே விட்டுவைத்தேன். 2025-ல் இந்திய நேரப்படி ஜூலை 15 விடிகாலை 1.1.1.1 உலகம் முழுக்க ஒரு மணி நேரம் படுத்துவிட்டது. அதையே இரண்டு இடத்திலும் நம்பியிருந்தவர்களுக்கு இணையமே இல்லை.

வாத்தியார் உறைந்ததற்குக் காரணம் வேறு. ரவுட்டர் இரும்பு பீரோவின் பின்னால் இருந்தது. அப்பா தூசி படக்கூடாது என்று அங்கே வைத்திருக்கிறார். அதை எடுத்துக் கூடத்து அலமாரியில் வைத்தோம். தங்கையின் வகுப்பு இப்போது சரியாக ஓடுகிறது.

"அப்போ அந்த நாலு எட்டு எதுக்கு?" என்றார் அப்பா. பக்கம் சீக்கிரம் திறக்க என்றேன். "யாரோடது அது?" என்றார். கூகுளோடது என்றேன். "நாம எங்கெங்க போறோம்னு அவனுக்குத் தெரியுமா?" பெயர் வரைக்கும் தெரியும்ப்பா, கொஞ்ச நாள் குறிப்பு வைத்துவிட்டு அழித்துவிடுவதாகச் சொல்கிறார்கள் என்றேன். பழைய இரண்டு எண்கள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, மின்சார அட்டையோடு சேர்த்து டிராயருக்குள் வைத்துவிட்டார்.